வாங்கும் கை மறுக்கவும் அறியும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“இந்தக் காலத்துப் பிள்ளைகள் கடைத்தெருவுக்கு ஓடுகிறார்கள்; கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை” என்று நம் பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். குறை பொய்யல்ல. ஆனால் அந்தக் கடைக்குள்ளேயே உரிமைப் போர் நடந்திருக்கிறது. மூன்று ஊர்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ. 1960 பிப்ரவரி 1. கறுப்பின மாணவர்கள் நால்வர் உல்வொர்த் கடையில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டது. அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து காபி கேட்டார்கள். வெள்ளையருக்கு மட்டும் என்றது கடை. காசுக்குத் தீட்டில்லை, மனிதனுக்குத் தீட்டு! நால்வரும் கடை மூடும்வரை எழவில்லை. சில நாளில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். போராட்டம் பிற நகரங்களுக்கும் பரவியது. ஜூலை 25 அன்று அந்த மேசை திறந்தது. அங்கே முதலில் உண்டவர்கள் அக்கடையிலேயே உழைத்த கறுப்பின ஊழியர்கள்.

இரண்டாவது, அயர்லாந்தின் டப்ளின். 1984 ஜூலை. டன்ஸ் கடையில் கல்லாவில் இருந்த மேரி மேனிங்குக்கு வயது 21. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பழத்துக்குப் பில் போட மாட்டேன் என்றார். அது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. கடை அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. உடன் வேலை செய்தவர்கள் வெளியே வந்தார்கள். சங்கம் தந்த வாரம் 21 பவுண்டில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கக் காய்கனி இறக்குமதியைத் தடை செய்தது.

மூன்றாவது, நம் அண்டை மாநிலத்துக் கோழிக்கோடு. நாள் முழுக்க நின்று துணி விற்ற பெண்களுக்கு உட்கார நாற்காலியில்லை, கழிப்பறையில்லை. தையல் தொழிலாளியான விஜி போன்றவர்கள் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்து பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர் அமர்வதற்குச் சட்டம் செய்தன. ஆகவே பெரியவர்களே, இது வயதைப் பொறுத்த வேலையல்ல. பிள்ளைகளைத் திட்டுவதை விட்டு அவர்கள் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

தோழர்களே, இவர்கள் யாரும் துறவிகளல்லர். பற்பசையும் காபியும் அவர்களுக்கும் வேண்டும். சந்தை நம்மைத் தனித்தனி வாடிக்கையாளராகப் பிரிக்கிறது. அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தார்கள். அதுதான் வேறுபாடு.

புதுச் செல்போன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போனால், மிகைநேரக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் காண்டிராக்டரிடம் வாய் திறக்க முடியுமா? அடுத்த மாதத் தவணை நம் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கடன் கழுத்தை நெரிக்காத அளவுக்கு வாங்குங்கள். எதிர்த்துக் கேட்கும் தெம்பு மிஞ்சட்டும்.

பிழைக்க வந்த இந்த ஊரின் மால்களில் நின்று பில் போடுவதும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அந்தப் பிள்ளைக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.