சைக்கிள் வரைபடமும் உங்கள் பென்சிலும்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கிராமக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்கள் கையில் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்துக்கான சைக்கிள் வரைபடம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியை உங்களுக்கு ஒருவரும் காட்டித்தரத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கூட்டுறவுக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீங்கள் சைக்கிளில் போகும் உள்வீதிகளுக்காகவே இதைச் செய்தோம்.

வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர், நிலத்தில் 1 கிலோமீற்றர். கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். நல்ல வீதியில் ஒரு மணித்தியாலத்தில் பத்துக் கட்டைவிரல் தூரம் ஓடலாம். மணல் ஒழுங்கையில் அதில் பாதியும் ஓட முடியாது.

தடித்த கோடு எந்தக் காலத்திலும் போகக்கூடிய வீதி. விட்டு விட்டுப் போட்ட கோடு கோடைக்கு மட்டும். மாரியில் குளம் வான் பாய்ந்தால் அதால் போக வேண்டாம். சிறிய வட்டம் சைக்கிள் ஒட்டுக்கடை.

கோடே இல்லாத வெள்ளை இடத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அது பாதுகாப்பான இடம் என்று அர்த்தம் இல்லை. நாங்கள் இன்னும் உறுதிப்படுத்தாத இடம்.

“நான் சின்னனில் இருந்து போன பாதை, பிள்ளை” என்று ஒரு ஐயா என்னிடம் சொன்னார். பாதை அவருக்குத் தெரியும். ஆனால் அவர் ஊரில் இல்லாத காலத்தில் அதன் ஓரத்தில் என்ன புதைந்தது என்று அவருக்குத் தெரியாது. விறகுக்காகவோ குறுக்கு வழிக்காகவோ அங்கே இறங்க வேண்டாம். வரைபடத்தில் கோடு இருந்தாலும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றால் பலகை சொல்வதையே கேளுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ சொல்லுங்கள்.

வரைபடமும் பிழைக்கும். முதல் பதிப்பில் ஒரு குளக்கட்டுப் பாதையைத் தடித்த கோடாகப் போட்டுவிட்டோம். அங்கே மதகு உடைந்திருந்தது. அரிசி மூட்டையோடு போன ஒரு அம்மா, சைக்கிளை உருட்டிக்கொண்டு இருட்டில் திரும்பி வந்தார். மறுநாள் வந்து எங்களைப் பேசினார். அவர் பேசியதால்தான் இந்தப் பதிப்பில் அந்தக் கோடு மாறியிருக்கிறது.

அதனால் பொதுநோக்கு மண்டபத்தில் பெரிய பிரதி ஒன்றும் பென்சிலும் தொங்கவிட்டிருக்கிறோம். நீங்கள் வழமையாக ஓடும் வீதியில் மதகு உடைந்தால், கிரவல் போட்டால், புது ஒட்டுக்கடை வந்தால் திகதியோடு குறித்துவிடுங்கள். வெள்ளை இடத்தைப் பார்த்து வருவதற்காக ஒருவரும் உள்ளே போக வேண்டாம். அது மிதிவெடி அகற்றுபவர்களின் வேலை.

கீழ் மூலையில் மாதமும் ஆண்டும் இருக்கிறது. புதியது கிடைத்ததும் பழையதைப் பார்த்து ஓடாதீர்கள். அதைப் பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடுங்கள்.