ஃபேன் ஓடும் வீட்டுக்கு எந்த ஹெட்போன்?

இரவில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நல்ல ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாம் என்று யோசிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இது.

ஓப்பன்-பேக் ஹெட்போனில் காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் வலைதான். அதனால் பாட்டு தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும். அதே வழியாக ஒலி வெளியேயும் போகும். அடுத்த ஃபிளாட்டுக்குக் கேட்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும்!

ஃபேன் சத்தமும் உள்ளே வரும். செங்கல்பட்டு வெயிலில் அதை நிறுத்திவிட்டு யார் கேட்கப்போகிறோம்? தம்புராவின் ரீங்காரம்தான் முதலில் மறையும்.

விலை உயர்ந்ததில் இரண்டு சொல்கிறேன். சென்ஹைசர் எச்டி 800 எஸ் 330 கிராம். மேடையே கண்முன் விரிந்தது போலிருக்கும். பழைய பதிவின் இரைச்சலையும் விடாமல் காட்டும். 300 ஓம் என்பதால் தனி ஆம்ப் வேண்டும். ஆடிசி எல்சிடி-எக்ஸ் 20 ஓம்தான். மிருதங்கத்தின் தொப்பி அதில் அருமையாக இருக்கும். ஆனால் எடை 600 கிராமுக்கு மேல். ராகம் தானம் பல்லவி முடிவதற்குள் கழுத்து வலிக்கும்.

என்னைக் கேட்டால், பழைய கச்சேரிகள் கேட்பவருக்கு 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 போதும். 260 கிராம்தான், மெத்தை, வயர் எல்லாம் தனியாக வாங்கி மாற்றலாம். அதுவும் 300 ஓம்தான். மிச்சப் பணத்தில் ஆம்ப் வாங்குங்கள்.

மாமல்லபுரம் பக்கம் உப்புக்காற்று. கேட்டு முடித்ததும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வையுங்கள். வாங்கும் முன், தெரிந்தவரிடம் இரவல் கிடைத்தால், உங்கள் அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டே ஒரு கச்சேரி முழுக்கக் கேளுங்கள்.