குரூப்புக்கும் ஒரு 'பாடு' வேணும்: பழவேற்காட்டுல இருந்து ஆபீஸ் வாட்ஸ்அப் வரைக்கும்

இந்த வாரம் பேசப்போறது உங்க ஃபோன்ல இப்பவும் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கற ஒரு விஷயம், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். அதுல என்ன போடலாம், என்ன போடக்கூடாது? யாராவது எல்லை மீறினா யார் கேக்கறது, எப்படிக் கேக்கறது?

இதைப் பேச நான் எடுத்துக்கிட்ட ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஒடிசாவோட சிலிக்கா ஏரிக்கு அடுத்து, இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கதான் இருக்கு. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஆபீஸ் குரூப்புக்கும் மீனவ கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ரெண்டு சம்பந்தம் இருக்கு. ஒண்ணு, பல தலைமுறையா ஒரே தண்ணியைப் பல பேர் பங்கு போட்டுக்க அங்க விதி வெச்சிருக்காங்க. இன்னொண்ணு, 2018-ல வாட்ஸ்அப் வதந்தி பரவின நேரத்துல அங்க ஒரு உயிர் போச்சு.

பாடுன்னா என்ன?

ஏரியில எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மீனும் இறாலும் கிடைக்காது. கடலும் ஏரியும் சேர்ற முகத்துவாரத்தை ஒட்டின பகுதி இறாலுக்கு நல்ல இடம். எல்லாரும் ஒரே நாள்ல அங்க வலை கட்டினா யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது, கைகலப்புதான் மிஞ்சும். அதனால கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மாதிரி கிராமங்கள்ல 'பாடு'ன்னு ஒரு முறை வந்தது. எந்த இடத்துல, எந்த முறையில, எந்த வலையோட யார் இறங்கலாம்னு குலுக்கல் போட்டு முடிவு பண்ணுவாங்க. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவருக்கு அடுத்த முறை வேற இடம். பங்கு கேக்கற உரிமை உள்ளவரைத் 'தலைக்கட்டு'ன்னு சொல்வாங்க. தகராறு வந்தா ஊர்ல உக்காந்து பேசித் தீர்ப்பாங்க. ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவோட ஆய்வு இதை விரிவா பதிவு பண்ணியிருக்கு.

இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணினவங்க எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண், 2009-ல. பொதுச் சொத்துன்னா யாரோ ஒருத்தர் கைக்குப் போகணும், இல்ல அரசாங்கம் எடுத்துக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்களுக்கு நடுவுல, 'பயன்படுத்தற மக்களே விதி போட்டு நல்லா நடத்தியிருக்காங்க'ன்னு 1990-ல வந்த புத்தகத்துல உதாரணத்தோட காட்டினாங்க. நல்லா நடக்கற இடங்கள்ல அவங்க பார்த்த பொது அம்சங்கள்ல நாலு நமக்கு முக்கியம். யார் உள்ளே, யார் வெளியேன்னு தெளிவா இருக்கும். விதிக்குக் கட்டுப்படறவங்களுக்கு விதி போடறதுலயும் பங்கு இருக்கும். முதல் தப்புக்கு சின்ன தண்டனை, திரும்பத் திரும்பப் பண்ணினா பெருசாகும். சண்டையைச் சீக்கிரமா, செலவில்லாம தீர்த்துக்க ஒரு இடம் இருக்கும்.

குரூப்ல எது பொதுத் தண்ணி?

கவனம். 40 பேர் இருக்கற குரூப்ல நீங்க ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ போட்டா 40 பேர் கவனத்துல இருந்து ஒரு துளி எடுக்கறீங்க. தனியா பார்த்தா ஒண்ணுமே இல்ல. எல்லாரும் எடுத்தா ஏரி வத்திடும்.

இது வெறும் எரிச்சல் பிரச்சினை கிடையாது. பழவேற்காட்டுக்குப் பக்கத்துலயே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவற நாள்ல கடலுக்குப் போகாதீங்கன்னு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். புயல், பலத்த காத்துன்னாலும் வரும். மீன்வளத்துறை சொல்ற அந்த ஒரு வரி 60 ஃபார்வர்டுக்கு அடியில புதைஞ்சு போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ஆபீஸ்ல அது சர்வர் டவுன் ஆன செய்தியா இருக்கலாம், நைட் ஷிஃப்ட் முடிச்சு கேப்ல ஏறின ஒரு பொண்ணு போடற 'வண்டி வேற வழியில போகுது'ங்கற மெசேஜா இருக்கலாம். அவசரச் செய்திக்குத் தனி குரூப் வெச்சு, அட்மின் மட்டும் போடற மாதிரி செட்டிங் மாத்தறது ஒரு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு மாதிரி யார் வேணும்னாலும் உதவி கேக்க வேண்டிய இடம்னா, அதைத் திறந்து வெச்சுட்டு அரட்டையை மட்டும் வேற குரூப்புக்கு அனுப்புங்க.

2018 மே

இப்போ கஷ்டமான பகுதி. 2018 ஏப்ரல், மே மாதங்கள்ல குழந்தை கடத்தற கும்பல் ஊருக்குள்ள வந்திருக்குன்னு வட தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்ல வதந்தி சுத்துச்சு. மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டத்துல, கோயிலுக்குப் போன குடும்பத்தை ஒரு கும்பல் தாக்கினதுல வயசான ஒரு அம்மா செத்துப்போனாங்க. அதே சமயத்துல பழவேற்காட்டுல, அந்த ஊர்க்காரர் இல்லாத ஒரு ஆளைப் பிள்ளை பிடிக்கறவர்னு சந்தேகப்பட்டு அடிச்சுக் கொன்னு, பாலத்துல தொங்கவிட்டாங்க.

இத்தனைக்கும் தண்ணியைப் பங்கு போட இவ்வளவு நுணுக்கமா விதி வெச்சிருந்த பகுதி அது. ஃபோன்ல வர்ற செய்திக்கு அப்படி ஒரு விதி அங்க மட்டும் இல்ல, எங்கயுமே இல்ல. 'இது எங்க இருந்து வந்தது, நீ நேர்ல பார்த்தியா'ன்னு கேக்கறது யாரோட பொறுப்பும் இல்லாம இருந்தது.

அந்த வருஷம் ஜூலையில வாட்ஸ்அப் 'ஃபார்வர்டட்'ங்கற அடையாளத்தைக் கொண்டுவந்தது, இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடும் வந்தது. 2020 ஏப்ரல்ல, ரொம்ப சுத்தின மெசேஜை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம்னு ஆச்சு. கம்பெனி வேகத்தைக் குறைக்கலாம். மெசேஜுக்கு உள்ள என்ன இருக்குன்னு அவங்களால பார்க்க முடியாது, என்கிரிப்ஷன் இருக்கு. பார்க்கக் கூடியவங்க குரூப்ல இருக்கறவங்க மட்டும்தான். மாடரேஷன்னு ஒண்ணு நடந்தா அது நம்ம கையிலதான் நடக்கணும்.

அட்மின் ஜெயிலுக்குப் போவாரா?

இந்த பயம் நிறைய பேருக்கு இருக்கு. நம்ம ஊர் வழக்கு ஒண்ணே இருக்கு. கரூர்ல வழக்கறிஞர்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குரூப். வேலை சம்பந்தப்பட்ட குரூப்தான். அதுல ஒரு உறுப்பினர், ரெண்டு சமூகத்துக்கு நடுவுல பகையை உண்டாக்கற மாதிரி பதிவு போட்டதா புகார். போலீஸ் அட்மினையும் வழக்குல சேர்த்தாங்க. 2021 டிசம்பர்ல மதுரை உயர் நீதிமன்றக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர் அட்மினா மட்டும்தான் இருந்தார், வேற பங்கு இல்லைன்னு தெரிஞ்சா இறுதி அறிக்கையில அவர் பேரை நீக்கணும்னு உத்தரவு போட்டார். அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றத்தோட நாக்பூர் கிளையும், 2022-ல கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையிலதான் சொல்லியிருக்காங்க. அடுத்தவர் போட்ட பதிவுக்காக, அட்மின்ங்கற ஒரே காரணத்தால ஒருத்தரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

ஆனா சட்டம் விட்டுடுச்சுன்னா பொறுப்பு முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ஓட வரையறையிலேயே பாலியல் சாயல் உள்ள பேச்சும் ஆபாசப் படம் காட்டறதும் இருக்கு. அது குரூப்ல 'ஜோக்'கா வந்தாலும் துன்புறுத்தல்தான். 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கற இடத்துல உள் புகார் குழு இருந்தே ஆகணும். சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துப்பூர்வமா புகார் கொடுக்கணும், காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் நீட்டிக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. அட்மின் நல்லெண்ணத்துல அழிச்சாலும், அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பதிவு இருக்கணும்.

பாட்டுக்கு வெளியில நிக்கறவங்க

பாடு முறையை நான் பொற்காலம் மாதிரி சொல்ல வரல. அது பெரும்பாலும் பட்டினவர் சமூகத்து ஆண்களோட உரிமை. கையால இறால் தடவிப் பிடிக்கற இருளர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குலுக்கல்ல சீட்டு கிடையாது. ஏரியை நம்பி வாழற மத்த ஊர்க்காரங்களோட இதனால சண்டையும் வந்திருக்கு. உள்ளே இருக்கறவங்களுக்கு நியாயமா நடக்கற ஏற்பாடு, வெளியில இருக்கறவங்களுக்குக் கதவைச் சாத்தலாம்.

ஆபீஸ்லயும் இதேதான். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல அதிகாரப்பூர்வமான குரூப் ரொம்ப மரியாதையா இருக்கும். முடிவெல்லாம் ஆறு பேர் இருக்கற இன்னொரு குரூப்ல நடக்கும். ஹவுஸ்கீப்பிங் அக்காங்களும் செக்யூரிட்டி அண்ணன்களும் எந்த குரூப்லயும் கிடையாது. ஷிஃப்ட் மாறினது கேட்டுக்கு வந்தப்புறம்தான் அவங்களுக்குத் தெரியும். விதி எழுதறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி, 'யார் இங்க இல்ல?'

அப்போ என்ன பண்ணலாம்?

ஒண்ணு, குரூப் எதுக்குன்னு டிஸ்கிரிப்ஷன்ல ரெண்டு வரி எழுதுங்க. எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுங்க, மேனேஜர் மட்டும் இல்ல.

ரெண்டு, நேரம். ராத்திரி 9 மணிக்கு மேல வந்த மெசேஜுக்குக் காலையில பதில் சொன்னா போதும்னு மேல இருக்கறவங்களே சொல்லணும். ஜூனியர் சொன்னா அது நடக்காது.

மூணு, ஒருத்தரோட தப்பை 40 பேர் முன்னாடி வெச்சுத் திட்டாதீங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க. ஆனா யாரையாவது சாதி, மதம், உடம்பு வெச்சுக் கேலி பண்ணினா, 'இது இங்க வேணாம்'னு குரூப்லயே ஒருத்தர் சொல்லணும். தனியா மட்டும் சொன்னா, காயப்பட்டவருக்கு எல்லாரும் சும்மா இருந்த மாதிரிதான் தெரியும்.

நாலு, தண்டனை படிப்படியா. முதல்ல நினைவூட்டல், அடுத்து எச்சரிக்கை, அப்புறம் கொஞ்ச நாள் வெளியே. மிரட்டல், பாலியல் தொல்லை மாதிரி விஷயத்துக்கு இந்தப் படிக்கட்டு கிடையாது, நேரா புகார்தான். வேலைச் செய்தியெல்லாம் அதே குரூப்ல வருதுன்னா, ஒருத்தரை நீக்கறது அவர் பிழைப்புல கை வைக்கற மாதிரி. ஊரை விட்டுத் தள்ளி வைக்கற பழக்கத்தோட புது வடிவம் ஆயிடக்கூடாது.

அஞ்சு, ரெண்டு அட்மினாவது வைங்க. எல்லை மீறறவர் அட்மினாவே இருந்தா யார்கிட்ட போறதுன்னும் முன்னாடியே முடிவு பண்ணுங்க.

ஆறு, ஃபார்வர்டு போட்டா 'எங்க இருந்து வந்தது'ன்னு ஒரு வரி சேர்க்கணும். சேர்க்க முடியலைன்னா போட வேண்டாம்.

இந்த ஆறுல எது உங்க ஆபீஸ்ல நடக்கும், எது நடக்காதுன்னு எழுதி அனுப்புங்க. நடக்காததுக்குக் காரணம் என்னன்னும் சேர்த்து எழுதுங்க, அடுத்த எபிசோட்ல அதைப் பேசலாம். அதுவரைக்கும் உங்க குரூப்ல 'இது உண்மையா'ன்னு கேக்கற முதல் ஆளா நீங்க இருங்க. கேட்டா கொஞ்சம் கடுப்பாவாங்க, பரவாயில்ல.