தராசு ஒன்று, படிக்கல் இரண்டு

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் இனிய செய்திகளைச் சொல்லுவதே மரபு. கழகம் நடத்திய மாலை வகுப்புகளைப் பற்றியும், அதனால் பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பற்றியும் முன்னர்ப் பேசியோர் நிறையச் சொல்லிவிட்டனர். ஆகவே கசப்பான ஒரு பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறோம். கொலை என்றால் கூடாது என்று சொல்லாதவர் எவரும் இல்லை. ஆனால் கொல்லப்பட்டவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே நம் நாட்டில் துயரம் தொடங்குகிறது. அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நாம் வாழும் காஞ்சி கோயில் நகரம். பட்டு நகரமும் ஆகும். பௌத்தமும் சமணமும் தழைத்த நாள்முதல் கொல்லாமை அறம் ஓதப்பட்ட ஊர் இது. அவ்வறத்தைச் சொல்லியே, நம் தெருப் பிள்ளைகள் உண்ணும் உணவைக் காட்டி, இவர்கள் உயிர்க்கொலைக்கு அஞ்சாதவர்கள் என்று முகம் சுளித்தவர்களை நாம் அறிவோம். அவ்வாறு சுளித்தவர் தோளில் கிடந்தது பட்டு. பட்டுப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் உயிரை வெப்பத்தால் மாய்த்த பின்னரே நூல் எடுக்கப்படுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி அவர்கள் இதனை எண்ணிப் பட்டைத் தவிர்க்கும்படி தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். ஆயினும் திருமண மண்டபங்களில் பட்டு குறையவில்லை. தறிக்குழியில் கால் வைத்து உழைக்கும் நெசவாளியை நாம் குறை கூறவில்லை. கண்ணுக்குத் தெரியாத கொலை கொலையாகத் தோன்றுவதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மனித உயிருக்கு வருவோம். 2004 செப்டம்பர் 3-ஆம் நாள் இவ்வூர் வரதராசப் பெருமாள் கோயில் அலுவலகத்தில் அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். பின்னர் நிகழ்ந்த கைதுகளால் நாடே இரு கூறாயிற்று. கைதானவர் யார், எந்தக் கட்சிக்கு இதனால் ஆதாயம் என்றே தேநீர்க் கடைதோறும் பேச்சு. 2013-இல் புதுச்சேரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அப்படியானால் கொன்றவர் யார் என்று அதன்பின் இவ்வூரில் உரத்துக் கேட்டவர் எத்தனை பேர்? மாண்டவர் நம் வகுப்பினர் அல்லர். ஆயினும் அக்கேள்வியை நாமும் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை.

இனி நம் உயிர்களின் கணக்கு. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் சேர்ந்த உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு சிறு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தன. குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் வெந்து மடிந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. அன்று முதலமைச்சராயிருந்தவர் இக்காஞ்சியில் பிறந்த அண்ணா அவர்கள். கீழமை நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு முதலானோரைத் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மகிழுந்து வைத்திருக்கும் செல்வரும் பெருநிலக்கிழாரும் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பர் என்பது நம்புதற்கரியது என அத்தீர்ப்பு கருதியது. செல்வம் குற்றமின்மைக்குச் சான்றாயிற்று. அதே இரவில் நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவரும் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தொழிலாளர் தண்டனை பெற்றனர். அவருடைய உயிரும் உயிரே. ஓர் உயிருக்குத் தண்டனை கிடைத்தபோது நாற்பத்து நான்கு உயிர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே நம் வினா.

அடுத்தது மேலவளவு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அவ்வூராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களைப் பொருட்படுத்தாது நின்று வென்றவர் முருகேசன். 1997 சூன் 30-ஆம் நாள் மதுரைக்குச் சென்று பேருந்தில் திரும்புகையில் அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. அவர் செய்த பிழை தேர்தலில் வென்றது ஒன்றே.

அப்போது நாம் ஆசிரியப் பணியில் புதியவர். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1991 மே 21 அன்று, நம் அண்டையூராகிய திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டபோது நாடே கண்ணீர் வடித்ததைக் கண்டவர் நாம். நாமும் வருந்தினோம். அவருடன் மாண்ட காவலர், தொண்டர் பெயர்களை மட்டும் எவரும் நினைவில் வைக்கவில்லை. மேலவளவுச் செய்தி ஏட்டில் வந்த காலையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, ஒரு தலைவரைக் கொன்றுவிட்டார்களாமே, நாளை வழிபாட்டுக் கூட்டத்தில் மௌன அஞ்சலி உண்டா?" என்று கேட்டான். ஆசிரியர் அறைக்குச் சென்று அவன் கேட்டதைச் சொன்னோம். "பள்ளிக்கூடத்தில் அரசியல் வேண்டாம்" என்றார் மூத்தவர் ஒருவர். நாம் மறுமொழி கூறவில்லை. வகுப்புக்குத் திரும்பி, "உட்கார், பாடத்தைக் கவனி" என்று அச்சிறுவனிடம் சொன்னோம். மாற்றல் வரும் என்ற அச்சமே காரணம். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்று உலகின் போலி அறத்தை அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் வேறெவரும் அல்லர், நாமே. இம்மேடையில் அதனை ஒப்புக்கொள்ளாமல் பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை.

அவ்வழக்கு சேலத்திற்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் பின்வாங்கவில்லை, வழக்கறிஞர்கள் தளரவில்லை. 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆயினும் 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி மூவரும், 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேரும் முன்விடுதலை பெற்றனர். நம்மவர் சிலர் நீதிமன்றம் சென்றனர், நாடு பேசவில்லை. 2022-இல் இராசீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்றோர் விடுதலையானபோதோ, வரவேற்றும் எதிர்த்தும் ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. முன்விடுதலை கருணையா, அநீதியா என்று இங்கே நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஒரு வழக்கில் எழுந்த கேள்வி மற்றொரு வழக்கிலும் எழுந்திருக்க வேண்டும் என்கிறோம். தலைவர் மாண்டால் நாட்டின் இழப்பு, நம்மவர் மாண்டால் ஊர்த் தகராறு என்னும் இரண்டு படிக்கற்கள் ஒரே தராசில் செல்லா.

இளைஞர்களே, நம் கையிலும் அந்தக் கள்ளப் படிக்கல் இருக்கக்கூடும். 1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொல்லப்பட்டபோது கணக்குத் தீர்ந்தது என்று மகிழ்ந்தோர் உண்டு. இன்றும் அப்படிச் சொல்லுவோரைக் கேட்கிறோம். அவர்கள் நெஞ்சின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் அக்கொலையால் வெண்மணிக்கு நீதி கிடைக்கவில்லை. ஒரு வழக்கு கூடிற்று. நம்முள்ளேயே உட்பிரிவு பார்த்து, தெருப் பார்த்து, கட்சி பார்த்துக் கத்தி எடுப்போரைக் கண்டும் காணாதிருக்கிறோமே, அது எந்த அறம்? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், குருதி சிந்தும் வழிகளைக் கைவிட்டு அரசியல் சட்டத்தின் வழியைக் கைக்கொள்ளுமாறு வேண்டினார். அடிபட்டவர்களின் தலைவர் சொன்ன சொல் அது. வசதியாக இருந்தவர் சொன்ன அறிவுரை அன்று.

வெண்மணியில் கிடைக்காத தண்டனை மேலவளவில் ஓரளவேனும் கிடைத்தது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். அஞ்சாத சாட்சிகளும், சட்டம் கற்றுத் துணைநின்றோரும் இருந்தார்கள். ஆகவே இக்கழகத்தை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த கால் நூற்றாண்டில் ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் உருவாக்குவதோடு வழக்கறிஞர்களையும் உருவாக்குங்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மாலை வகுப்பில் ஒரு பாடமாக வையுங்கள். முதல் தகவல் அறிக்கையைப் படித்துப் பிழை காணவும், நீதிமன்றத்தில் கண்டதைக் கண்டபடி சொல்லவும் நம் பிள்ளைகள் பழகட்டும்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்று அறியோம். அவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையை இத்தனை ஆண்டு கழித்தேனும் கூற விரும்புகிறோம். உண்டு, தம்பி, அஞ்சலி உண்டு. வெண்மணியில் மாண்டோர்க்கும், மேலவளவில் மாண்டோர்க்கும், நம் ஊர்க் கோயிலில் மாண்டவர்க்கும், சாதியும் கட்சியும் கேளாமல் இப்போது அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.