எரிவாயுவிலிருந்து மின்சாரத்திற்கு: கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை

(பிராங்பேர்ட்டில் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உரிமைகள் பற்றிப் பேசும் மேடையில் ஹைற்சுங் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் எம்மவர் வீடுகளுக்கு வரும் யேர்மன் மொழிக் கடிதங்களில் இன்று இதுவும் சேர்ந்துவிட்டது. பல வீடுகளில் பதின்மூன்று வயதுப் பிள்ளை மொழிபெயர்க்க, தந்தை கையொப்பமிடுகிறார். அந்த ஒரு கையொப்பத்தில் பல்லாயிரம் யூரோக்கள் தங்கியிருக்கின்றன.

2021 ஆம் ஆண்டில் யேர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்டது ரசியாவிலிருந்தே வந்தது. 2022 ஓகஸ்ட் இறுதியில் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்வழி வரத்து நின்றபோது விலை எங்கே போனது என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதன்பின், புதிதாகப் பொருத்தும் வெப்பமூட்டிகள் 65 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்க வேண்டும் என்னும் சட்டம் 2024 சனவரி 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதம் பதவியேற்ற அரசோ அச்சட்டத்தை நீக்குவதாகத் தனது கூட்டணி உடன்படிக்கையில் எழுதியது. ஆகவே "சட்டம் வந்துவிட்டது, இன்றே மாற்றாவிடில் தண்டம்" என்று கதவைத் தட்டி அச்சுறுத்துபவரை நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனைக் கழற்றும்படி 2024 ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுவாகக் கேட்கவில்லை. அப்படி வந்தவரிடம் வீட்டு வாசலில் கையொப்பமிட்டுவிட்டாலும் 14 நாட்களுக்குள் அதனை மீளப்பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

"மின்சாரத்துக்கு மாறுதல்" என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு பொறிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மின் கொதிகலன். தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தலைப் போன்றது அது. ஓர் அலகு மின்சாரம் கொடுத்தால் ஓர் அலகு வெப்பமே தரும். மற்றையது வெப்பப் பம்பி, யேர்மன் மொழியில் வேர்மெபும்பெ. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாகச் செய்து, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை வீட்டுக்குள் அள்ளி வருவது. பிரைபேர்க்கில் உள்ள பிரவுன்கோபர் ஆய்வு நிறுவனம் பழைய வீடுகளில் அளந்து 2020 இல் வெளியிட்ட முடிவின்படி, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பிகள் ஓர் அலகு மின்சாரத்திற்குச் சராசரியாக 3.1 அலகு வெப்பம் தந்தன.

2023 இல் அரசு விதித்த விலை உச்சவரம்பை வைத்துக் கணக்குப் பாருங்கள். எரிவாயு கிலோவாற்று மணிக்கு 12 சதம், மின்சாரம் 40 சதம். ஆண்டுக்கு 10,000 கிலோவாற்று மணி வெப்பம் தேவைப்படும் வீட்டுக்கு எரிவாயுவில் 1,200 யூரோவும் கொதிகலனில் வீணாகும் சிறு பங்கும். வெப்பப் பம்பியில் ஏறத்தாழ 1,290 யூரோ. மின் கொதிகலனிலோ 4,000 யூரோ! வாங்கும்போது மலிவாக இருப்பது பின்னர் ஒவ்வொரு மாரியிலும் அறவிடும். வெப்பப் பம்பியும் தானாக இலாபம் தந்துவிடாது என்பதை இதே கணக்குக் காட்டுகிறது. அதற்குரிய குறைந்த மின்கட்டணத்தைக் கேட்டுப் பெற வேண்டும். குறைந்த வெப்பநிலை நீரிலேயே வீடு சூடாக வேண்டும். கடுங்குளிர் நாளொன்றில் உங்கள் பழைய கொதிகலனின் நீர் வெப்பநிலையை 55 பாகைக்கு இறக்கிப் பாருங்கள். அறைகள் போதிய சூட்டுடன் இருந்தால் வீடு ஏறத்தாழ ஆயத்தமாகவே உள்ளது. இச்சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை.

சொந்த வீடு வாங்கியோர் முதலில் தமது தெருவுக்குத் தொலைவெப்பக் குழாய் வருமா என்று கேட்டறிய வேண்டும். பிராங்பேர்ட் அளவு பெரிய நகரங்கள் தமது வெப்பத் திட்டத்தை 2026 யூன் 30 இற்குள் வகுக்க வேண்டும் என்பது 2024 ஆம் ஆண்டு விதி. காலுஸ் பகுதியில் எழுந்த வெஸ்ற்வில் குடியிருப்புக்கு, அருகிலுள்ள கணினித் தரவு மையத்தின் கழிவு வெப்பத்தைக் கொடுப்பதே திட்டம். மாற்றத்துக்கான கே.எப்.டபிள்யூ வங்கியின் நிதியுதவி 2024 இல் 30 விழுக்காட்டில் தொடங்கியது. வீட்டு வருமானம் குறைந்தோருக்கும், பழைய கொதிகலனை விரைந்து மாற்றுவோருக்கும் மேலதிகப் பங்கு சேர்த்து 70 விழுக்காடு வரை, அதாவது ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 21,000 யூரோ. ஆனால் வேலை தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். நிதியுதவி கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் உதவியை இழப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

வாடகை வீட்டில் இருப்போரே, பொறியைத் தெரிவு செய்பவர் வீட்டு உரிமையாளர். மின்கட்டணம் செலுத்துபவர் நீங்கள். வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன் அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். எந்தப் பொறி, வாடகை எவ்வளவு கூடும் என்பவை அதில் இருக்க வேண்டும். வெப்பமூட்டி மாற்றத்துக்காகக் கூட்டக்கூடிய வாடகைக்கு, சதுர மீற்றருக்கு மாதம் 50 சதம் என்று 2024 இல் வரம்பு வைக்கப்பட்டது. 70 சதுர மீற்றர் வீட்டுக்கு அது 35 யூரோ. அதுவும் தாங்க முடியாத குடும்பம், கடிதம் கிடைத்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் தனது இடரை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று எம்மவர் பலர் கேட்காமலே விடுவது. எரிவாயுக் கட்டணத்தில் அடங்கியுள்ள கரியமிலவாயுக் கட்டணத்தை 2023 சனவரி முதல் உரிமையாளரும் பகிர வேண்டும் என்பது சட்டம். வெப்பத்தை மிக மோசமாக வீணாக்கும் கட்டடத்தில் அவர் பங்கு 95 விழுக்காடு. உங்கள் வீட்டுக்குள்ளேயே கொதிகலன் இருந்து, எரிவாயு நிறுவனத்துக்கு நீங்களே நேரடியாகப் பணம் செலுத்துவோராயின், கணக்கு வந்து 6 மாதங்களுக்குள் நீங்களேதான் கேட்க வேண்டும். உரிமையாளர் தாமாகக் கொடுக்க மாட்டார்.

இளையோரே, உங்கள் யேர்மன் மொழி எங்களுடையதைவிட நல்லது. ஆனால் பள்ளிப் பிள்ளையிடம் சட்டக் கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுத்துப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பது முறையன்று. நுகர்வோர் நடுவமான வெர்பிறவுகர்சென்றாலெ ஹெசனுக்குப் பிராங்பேர்ட்டில் ஆலோசனை நிலையம் உண்டு. பெற்றோரும் கூடவே செல்லுங்கள்.

கடிதங்களையும் ஆண்டுக் கணக்கையும் எடுத்து வந்திருப்போர் அவற்றை வெளியே எடுங்கள். கேள்வி நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.