பங்கு வைக்குமுன் பாக்கியைத் தீர்ப்போம்

(ஜமாஅத்தார் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து அவரது கடன்கள். பின்னர் மீதியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத். இறுதியாகவே வாரிசுகளின் பங்கு. சூரத்துன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் வஸிய்யத் முன்னும் கடன் பின்னுமாக வந்திருந்தும், கடனையே முதலில் தீர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

கடன் என்றதும் கைமாற்றும் கடைப் பாக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. கொடுபடாத மஹரும் கடனே. அரசுக்குச் சேரவேண்டிய வரியும் கடனே.

“வாரிசுச் சொத்துக்கு வரி இல்லையே?” என்பர் சிலர். உண்மைதான். 1953ஆம் ஆண்டின் எஸ்டேட் வரி, 1985 மார்ச் 16 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு நீக்கப்பட்டது. ஆனால், மய்யித் தம் வாழ்நாளில் செலுத்தவேண்டியிருந்த வரி அவரோடு மறைவதில்லை. அக்டோபர் 15இல் ஒருவர் மௌத்தானால், ஏப்ரல் 1 முதல் அந்நாள் வரையிலான வருமானம் அவருடையது. அதற்குரிய கணக்கை வாரிசு, சட்டப் பிரதிநிதி என்ற முறையில் தாக்கல் செய்யவேண்டும். இறப்புச் சான்றிதழும், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், இருவரின் பான் எண்ணும் இதற்குத் துணையாகும். அதன்பின் வரும் வாடகை, வாரிசுகளின் வருமானமாகும்.

வாரிசு தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டியதில்லை. மய்யித்தின் சொத்தின் அளவே பொறுப்பு. ஆயினும் வரி நிலுவையில் இருக்கும்போதே சொத்தைக் கைமாற்றினால், அம்மதிப்பின் அளவுக்கு அவரே பொறுப்பாளியாவார்.

ஓர் உதாரணம் காண்போம். மய்யித் விட்டுச்சென்றது 26 லட்சம். அடக்கச் செலவு 25 ஆயிரம், மஹர் 75 ஆயிரம், வருமான வரியும் வீட்டு வரியும் 1 லட்சம். வஸிய்யத் இல்லை. மீதி 24 லட்சம். பெற்றோர் இல்லாத நிலையில், மனைவிக்கு எட்டிலொன்றாகிய 3 லட்சம்; மகனுக்கு 14 லட்சம்; மகளுக்கு 7 லட்சம்.

26 லட்சத்தையும் முதலில் பங்கு வைத்துவிட்டால், அந்த விதவையின் மஹர் மறைந்துவிடும். பின்னர் வரி நோட்டீஸ் வரும்போது அவரும் மகளும் பெற்றதைத் திருப்பித் தரவேண்டியதாகும். அல்லது சகோதரர்களிடையே வழக்கு மூளும். வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்து திரும்பக் கிடைத்தால், அதுவும் வாரிசுச் சொத்தே. அதில் பெண்மக்களுக்கும் பங்குண்டு.

ஆகவே, ஜமாஅத்தார்களே! நாம் உயிரோடிருக்கும்போதே வங்கிக் கணக்கு, வரி ரசீது, மஹர், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை எழுதிவைத்து, வீட்டாருக்கு அறிவிப்போமாக! பாகப்பிரிவினைக்கு ஜமாஅத்தை அணுகுவோர் முதலில் கடன் பட்டியலைக் கொண்டுவருவார்களாக!

கடனற்றவர்களாக நம்மை அல்லாஹ் மரணிக்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.