ஏழையர் பள்ளி எதிர்நோக்கும் இடர்கள்

 

ஒரு சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடு இருப்பது எளிய செயலன்று. பெருஞ்செல்வர் எவருடைய துணையுமின்றி, கூலி வேலை செய்வோரும் கடைநிலை ஊழியரும் மாதந்தோறும் தந்த சிறு சிறு தொகைகளைக் கொண்டே நடைபெற்ற சங்கம் இது. அதன் வெள்ளி விழாவில், ஏழை மக்கள் பயிலும் பள்ளிகள் எதிர்நோக்கும் இடர்கள் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இத்தகைய பள்ளிகளிலேயே பணியாற்றி வருகிறோம். அங்கே நாம் கண்டறிந்த உண்மை ஒன்றை மட்டும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

நம் முன்னோர் காலத்தில் இடர் பள்ளியின் வாயிலிலேயே இருந்தது. நம் பிள்ளைகள் உள்ளே நுழையவே இயலாது. அதனால்தான் கர்னல் ஆல்காட் 1894-ஆம் ஆண்டில் சென்னையில் ஒடுக்கப்பட்டோர்க்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதனால்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி ஒன்றை நிறுவினார். அவ்வாயில் இன்று திறந்திருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. நம் தெருவில் பள்ளியில் பெயர் எழுதப்படாத குழந்தை அரிது. ஆயினும், உள்ளே சென்ற குழந்தை எதைக் கற்று வெளியே வருகிறது என்னும் வினா இன்றும் எஞ்சி நிற்கிறது.

அன்பர்களே, எளிய கணக்கு ஒன்றைக் கூறுகிறோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாள்கள், 800 மணி நேரம் கற்பித்தல் நடைபெற வேண்டும் என்பது சட்டம் விதித்த அளவு. அஃதாவது குழந்தையின் ஓர் ஆண்டில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கே பள்ளிக்கு உரியது. மற்றப் பத்துப் பங்கும் வீட்டிலும் தெருவிலும் கழிகிறது. பள்ளியோ, தான் தொடங்கிய பாடத்தை வீடு முடித்துத் தரும் என்று எதிர்பார்த்தே தன் வேலையை வகுத்துக்கொண்டிருக்கிறது. படித்த பெற்றோர் உள்ள வீடு அதைச் செய்துவிடுகிறது. மாலையில் அருகில் அமர்ந்து வாசிக்கச் சொல்கிறார்கள், வாய்ப்பாடு கேட்கிறார்கள், இயலாவிடில் பணம் கட்டித் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பள்ளியின் வெற்றி என்று நாம் போற்றுவதில் பாதி, அவ்வீட்டாரின் உழைப்பே.

நம் வீடுகளின் நிலை என்ன? தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ சென்று பொழுது சாயும் வேளையில் திரும்புகிறாள். மூத்த மகள் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். வீட்டில் இருப்பது ஓர் அறை. அதிலேயே சமையல், உறக்கம், தொலைக்காட்சி எல்லாம். பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆளில்லை. வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கிறது. இரண்டாம் நாளும் நிற்கிறது. மூன்றாம் நாள் பள்ளிக்கே வருவதில்லை. இதைக் கண்டு, "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்பாரும் உளர். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்பாரும் உளர். இரண்டையும் நாம் மறுக்கிறோம். வீட்டுக்கு இயலாத ஒன்றை வீட்டிடம் கேட்பதே பிழை.

இதற்குச் சான்று வேண்டுவோர் கொரோனாக் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் பள்ளி முழுவதும் வீட்டின் கையில் இருந்தது. பாடம் கைப்பேசியில் வந்தது. நம் வீடுகளில் கைப்பேசி ஒன்று இருந்தால், அது காலையில் தந்தையோடு வேலைக்குப் போயிற்று. பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பலர் பள்ளியின் உட்புறத்தையே முதன்முதலாகக் கண்டனர். வசதியுள்ளோர் பிள்ளைகள் அக்காலத்திலும் ஓரளவு கற்றார்கள். நம் பிள்ளைகள் கற்றதையும் மறந்தார்கள். இருவர்க்கும் அறிவில் வேற்றுமை இல்லை. வேற்றுமை வீட்டில் இருந்தது.

இரண்டாவது இடர், வருகை. வாரம் ஒரு நாள் வராத குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 நாள்களை இழக்கிறது. ஐந்தாம் வகுப்பை முடிக்குமுன் அது 200 நாள்களாகிறது. அஃதாவது ஐந்து ஆண்டுப் படிப்பில் முழு ஓராண்டு இல்லாமற் போகிறது. இதனினும் கொடியது குடிபெயர்வு. தை பிறந்தவுடன் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் புறப்பட்டு விடுகின்றன. பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது? உடன் அழைத்துச் செல்கிறார்கள். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கடையில் மீதிச் சில்லறையை மனத்தாலேயே கணக்கிட்டுச் சொல்வாள். புத்தகத்தில் உள்ள கணக்கைப் படிக்கத் திணறுவாள். பதிவேட்டைப் புரட்டியபோது காரணம் விளங்கிற்று. மூன்று ஆண்டுகளாகத் தை முதல் சித்திரை வரை அவள் சூளையில் இருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் அவள் இழந்தது அதே மூன்றாம் பருவத்தை. அவள் மூன்றாம் பருவப் புத்தகம் எதையும் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. ஆனால் அடுத்த வகுப்பின் முதற் பாடம் அப்புத்தகத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்னும் நடைமுறை நம் மாநிலத்தில் உள்ளது. அது நல்ல நடைமுறையே. தோல்வி என்று முத்திரை குத்தி நம் பிள்ளைகளைப் பத்து வயதில் மாடு மேய்க்க அனுப்பிய காலத்தை நாம் அறிவோம். ஆனால் மேல்வகுப்புக்கு ஏற்றப்படும் பிள்ளை, விட்டுப்போன பாடத்தை எங்கேயாவது பெற்றாக வேண்டும். பெறாவிடில் அக்குறை ஒன்பதாம் வகுப்பில் வெளிப்படுகிறது. பள்ளியை விட்டு நிற்பதும் அங்கேயே நேர்கிறது.

மூன்றாவது இடர், ஆசிரியர் எண்ணிக்கை. அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. வகுப்புகளோ ஐந்து. இருவரும் நாள் தவறாமல் வந்து, ஒரு நொடியும் வீணாக்காமல் கற்பித்தாலும், ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேரே கிட்டுவது ஐந்தில் இரண்டு பங்கு நேரம். 800 மணி நேரத்தில் 320 மணி. இதிலும் தலைமையாசிரியர் ஒருவர் கூட்டத்திற்கும், 'எமிஸ்' இணையத்தில் விவரம் ஏற்றுவதற்கும், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் என்னும் பணிகளுக்கும் செல்ல வேண்டியுள்ளது. உதவித்தொகைப் பணியை நாம் சுமையென்று சொல்லமாட்டோம். அது நம் பிள்ளைகளுக்கு உரிய பணம். ஆயினும் எழுத்தர் இல்லாத பள்ளியில் அது கற்பிக்கும் நேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

நான்காவது இடர் பற்றி உரிமையோடு பேசுகிறோம், பொறுத்தருள்க. ஓரளவு வசதி பெற்றவர்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகின்றனர். அது அவரவர் உரிமை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர், மனு எழுதத் தெரிந்த பெற்றோர், அதிகாரியை நேரிற் காணத் தயங்காத பெற்றோர் முதலில் வெளியேறுகின்றனர். எஞ்சுவது மிக ஏழைகளின் பிள்ளைகள். மேற்கூரை ஒழுகினால் கேட்பதற்கு அங்கே குரல் இல்லை.

இவ்விடர்களுக்கு வழி யாது? வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. நம் நாட்டு வரலாறே அதைக் காட்டியிருக்கிறது. 1920-ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் காலை உணவும் தொடக்கப் பள்ளிக்கு வந்தது. இவற்றின் பொருள் என்ன? ஏழை வீட்டுக்கு இயலாத ஒரு வேலையைப் பள்ளி தன் தோளில் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். சீருடையும் புத்தகமும் மிதிவண்டியும் அவ்வழியில் வந்தவையே. 1925-ஆம் ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்த அண்ணல் அம்பேத்கரின் அமைப்பும் இதையே செய்தது. படிக்க இடம் தராத வீட்டுக்கு மாற்றாகப் படிக்க ஓர் இடம் தந்தது.

சோற்றைப் பள்ளி ஏற்றுக்கொண்டது. மாலைப் படிப்பை இன்னும் வீட்டிடமே விட்டு வைத்திருக்கிறது. நாம் கண்டறிந்த உண்மை என்று தொடக்கத்திற் கூறியது இதுதான். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இக்குறையை உணர்ந்து எழுந்தது. நம் பெண்கள் பலர் தன்னார்வலர்களாக அதில் கற்பித்தனர். அரசு திட்டங்கள் வகுக்கட்டும். கூடுதல் ஆசிரியரையும் எழுத்தரையும் தரட்டும். அவற்றை நாம் தொடர்ந்து கேட்போம். அதுவரை இச்சங்கம் செய்யக் கூடியவை மூன்று.

முதலாவது, ஒவ்வொரு தெருவிலும் மாலை ஆறு முதல் எட்டு வரை ஒரு படிப்பிடம். நல்ல விளக்கு, பாய், குடிநீர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் போதும். ஒவ்வொரு குழந்தையும் நாள்தோறும் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும்; கேட்க ஒரு செவி வேண்டும். பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரையும் உடன் அழைத்து வர இடங்கொடுக்க வேண்டும். இல்லையேல் அவர்கள் வரமாட்டார்கள்.

இரண்டாவது, தை மாதத்திற்குமுன் குடிபெயரும் குடும்பங்களின் பட்டியல். தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்லக் கூடிய பிள்ளைகளுக்கு அரிசிக்கும் செலவுக்கும் சங்கம் உதவலாம். விடுதியில் சேர்க்கக் கூடியவர்களைச் சேர்க்கலாம். உடன் செல்லும் பிள்ளைகளைச் சென்ற ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ காலந்தாழ்த்தவோ சட்டம் இடந்தருவதில்லை. இதை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் கையெழுத்திட்டுத் திரும்புகிறார்கள். நம்மில் படித்து உயர்ந்தோர், தம் பிள்ளை எங்கே பயின்றாலும், அத்தாய்மார்களோடு சென்று அமர்ந்து தீர்மானம் எழுத உதவ வேண்டும். வெளியேறிய குரல் இவ்வாறேனும் பள்ளிக்குத் திரும்பட்டும்.

இறுதியாக ஒன்று. வெள்ளி விழா நினைவாகத் திருமண மண்டபம் ஒன்று எழுப்ப நிருவாகக் குழுவினர் எண்ணியிருப்பதை அறிவோம். ஊர் மண்டபங்களில் நமக்கு இடம் மறுக்கப்பட்ட நாள்களை மறவாதவர்கள் இவ்விருப்பத்தைக் குறை கூறமாட்டார்கள். நாமும் கூறவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மூவர்க்கு இன்று பரிசு தருகிறோம். மூன்றாம் வகுப்பிலேயே வாசிக்க இயலாமல் பின்தங்கிய முப்பதின்மர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எனவே திரளும் நிதியில் முதற்செலவு தெருப் படிப்பிடங்களுக்காகட்டும். மண்டபம் பின்னர் எழட்டும். எழும்போது, முகூர்த்தமில்லாத நாள்களில் மாலை ஆறு முதல் எட்டு வரை அதன் கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் என்பதை இன்றே தீர்மானத்தில் எழுதி வையுங்கள். பள்ளி முடிந்த பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரம் வந்து அப்பணியில் பங்கு கொள்ள, நம் பள்ளி ஆசிரியர் நால்வர் இசைந்துள்ளனர் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.